திருப்பூர், ஹாம்பர்க், நியூ ஜெர்சி: மூன்று கண்டத்து இன்டர்காமை ஒன்றாக்குவது எப்படி?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அவிநாசி ரோட்டில் உங்கள் ஏற்றுமதி அலுவலகம், பெருமாநல்லூர் பக்கம் ஃபாக்டரி, ஹாம்பர்க்கில் ஒரு சின்ன அலுவலகம், நியூ ஜெர்சியில் ஒரு வேர்ஹவுஸ். நாலு இடத்திலும் தனித்தனி இன்டர்காம். லேப் டிப் (துணிக்குச் சாயம் போட்டுப் பார்க்கும் சாம்பிள்) ஓகே ஆனதா என்று மெர்ச்சண்டைசர் கேட்க வேண்டுமென்றால் யாருடைய செல் நம்பரையாவது தேடி வாட்ஸ்அப்பில் கூப்பிட வேண்டியிருக்கிறது. மேஜை ஃபோனில் ஐந்தாறு இலக்கம் தட்டினால் ஹாம்பர்க் மேஜையில் மணி அடிக்க வேண்டும் என்கிறார் முதலாளி. ஒரு வெண்டர், திருப்பூரில் பெரிய எக்ஸ்சேஞ்ச் (ஃபோன்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாதனம்) ஒன்று போட்டு எல்லா ஃபோனையும் அதில் சேர்த்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் கிளவுட்டில் போடச் சொல்கிறார். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, மூளையை எங்கே வைப்பது என்பதைத்தான். கூடவே இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. குரல் தெளிவாக வருமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, இந்தப் பக்கத்து மில்கள், பம்ப் கம்பெனிகள், ஏற்றுமதிக்காரர்களுக்கு இந்த வேலையைத்தான் பல வருடமாகச் செய்கிறேன். 30 பேச்சு வழி கொண்ட இ1 லைனை வாடகைக்கு எடுத்து இரண்டு இபிஏபிஎக்ஸை, அதாவது அலுவலக எக்ஸ்சேஞ்சை, இணைத்த காலத்தில் தொழில் பழகியவன். அந்த அனுபவத்தில் என் பதில் இரண்டு வெண்டர்களுக்கும் நடுவே இருக்கிறது. ஒவ்வொரு ஊருக்கும் சொந்தமாக ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் இருக்கட்டும். அந்த ஊரின் வெளி லைன் அந்த எக்ஸ்சேஞ்சிலேயே இறங்கட்டும். கடலைத் தாண்டி, எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் ட்ரங்க் மட்டும் போகட்டும், ஃபோன்கள் போக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதல் காரணம் தாமதம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதாவது 1,000 கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட். எந்தக் கம்பெனி ரவுட்டர் வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. கோவையிலிருந்து ஹாம்பர்க் நேர்கோட்டில் ஏறத்தாழ 7,500 கிலோமீட்டர்தான். ஆனால் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. அரபிக் கடல், செங்கடல், எகிப்து, மத்தியதரைக் கடல் என்று சுற்றித்தான் ஐரோப்பாவில் ஏறுகிறது. நல்ல பாதை கிடைத்தால் போய்த் திரும்ப 150 மில்லிசெகண்ட் அளவில் இருக்கும். நியூ ஜெர்சிக்கு 220 முதல் 260 வரை எதிர்பார்க்கலாம். இது பாதை மட்டும். குரலை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டிப் பாக்கெட்டில் போடும் நேரமும், எதிர்ப்பக்கம் அதைச் சேர்த்துவைத்துச் சீராக்கும் நேரமும் இதன் மேல் ஏறும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடலுக்குத் தொந்தரவு இல்லை என்கிறது, 400-ஐத் தாண்டவே கூடாது என்கிறது. அந்தக் கணக்கில் ஹாம்பர்க் உள்ளே நிற்கும். நியூ ஜெர்சி கோட்டின் மேல் நிற்கும், அல்லது கொஞ்சம் தாண்டும். பேசலாம், பழகிவிடும். இருவரும் ஒரே நேரத்தில் வாயெடுப்பது மட்டும் அவ்வப்போது நடக்கும்.

இப்போது முதல் வெண்டரின் யோசனையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் திருப்பூரில் மட்டும் இருந்தால், ஹாம்பர்க் ஆள் நியூ ஜெர்சிக்குப் பேசும் குரல் அட்லாண்டிக்கை நேராகத் தாண்டாமல் திருப்பூர் வந்து திரும்பிப் போகும். ஒருவழிக்கே 200 மில்லிசெகண்டுக்குப் பக்கம் பாதையில் தின்றுவிடும், மற்றதெல்லாம் அதற்கு மேல். ஹாம்பர்க்கில் பக்கத்துப் பக்கத்து மேஜைக்காரர்கள் பேசிக்கொண்டாலும் அப்படித்தான். ஃபோனுக்கு ஃபோன் குரல் நேராகப் போகும்படி வைக்கலாமே என்று வெண்டர் சொல்வார். முடியும்தான். ஆனால் டனலும் (இன்டர்நெட்டுக்குள் அலுவலகங்களுக்கு மட்டும் போடும் பூட்டிய தனிப்பாதை), ரவுட்டர் முகவரியை மாற்றும் NAT-உம் நடுவில் இருந்தால் பல இடங்களில் அது கைகொடுப்பதில்லை, கடைசியில் எல்லாம் எக்ஸ்சேஞ்ச் வழியாகவே ஓடவிடுவார்கள். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வேர்ஹவுஸில் யாருக்காவது நெஞ்சுவலி வந்து அமெரிக்க அவசர எண்ணான 911 தட்டினால், அந்த அழைப்பு திருப்பூர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து நிற்கும். அமெரிக்காவில் 2020 பிப்ரவரியிலிருந்து, புதிதாகப் போடும் அலுவலக எக்ஸ்சேஞ்சில் எந்த முன் எண்ணும் தட்டாமல் 911 நேராகப் போயாக வேண்டும் என்பது சட்டம். ஹாம்பர்க்கில் 112-க்கும் இதே அக்கறை வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட அழைப்பு உள்ளூர் லைனில்தான் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கிளவுட் யோசனையை நான் ஒதுக்கவில்லை. ஹாம்பர்க், நியூ ஜெர்சி போன்ற சின்ன இடங்களுக்கு அது நல்ல வழிதான், அந்தந்த நாட்டிலேயே சர்வர் இருக்கும்பட்சத்தில். வெண்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: குரல் எந்த ஊர் டேட்டா சென்டர் வழியாகப் போகும்? மும்பையிலும் ஃபிராங்ஃபர்ட்டிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் இருந்தால் சரி. ஒரே இடத்தில்தான் என்றால் முதல் வெண்டரின் சிக்கல் ஊர் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபாக்டரியை மட்டும் கிளவுட்டில் போடாதீர்கள். கேட்டுக்கும் கட்டிங் செக்‌ஷனுக்கும் பாய்லர் ரூமுக்கும் ஜெனரேட்டர் ஷெட்டுக்கும் இடையே பேசுவது நெட் போனாலும் நடக்க வேண்டும். அங்கே ஓடும் பழைய இபிஏபிஎக்ஸைக் கழற்ற வேண்டியதும் இல்லை. அதன் பக்கத்தில் ஒரு கேட்வே (பழைய லைனின் குரலை ஐபிக்கு மாற்றும் பெட்டி) வைத்து ட்ரங்கில் சேர்த்தால் போதும். ஐப்பசி இடியில் முதலில் போவது நீளமாக வெளியில் ஓடும் செம்பு ஒயர்களும் அவை வந்து சேரும் கார்டுகளும்தான். ஆகவே எர்த்தும் சர்ஜ் தடுப்பும் முதல் செலவாக இருக்கட்டும். சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இல்லாமல் ஐபி ஃபோன் வாங்குவதில் அர்த்தமில்லை.

பேண்ட்வித்தைப் பற்றிப் பலரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) குரல் நொடிக்கு 64 கிலோபிட். பாக்கெட்டின் தலைப்பகுதியைச் சேர்த்தால் 80. வயர்கார்டு என்ற மென்பொருள் போடும் டனலுக்குள் போட்டால் 100-ஐக் கொஞ்சம் தாண்டும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினாலும் ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 1 மெகாபிட் சொச்சம்தான். ஜி.729 போட்டால் குரல் 8 கிலோபிட்டாகச் சுருங்கும். ஆனால் ஒரு பாக்கெட்டில் குரல் 20 பைட், தலைப்பகுதி 40 பைட் என்று ஆகிவிடுவதால் கிடைக்கும் லாபம் நினைத்த அளவு இராது, ஒலித்தரமும் குறையும். இன்றைய ஃபைபரில் ஜி.711 அல்லது ஓபஸ் போடுங்கள். இரண்டு பக்கமும் ஆஸ்டரிஸ்க் (எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்) வகை எக்ஸ்சேஞ்ச் என்றால் ஐஏஎக்ஸ்2 ட்ரங்க் முறையும் உண்டு. பல அழைப்பின் குரலை ஒரே பாக்கெட்டில் சேர்த்து அனுப்பும். மெலிந்த லைனில் அது உபயோகப்படும்.

குரல் கெடுவதற்கு உண்மையான காரணம் பாக்கெட்டுகள் ஒழுங்கில்லாமல் வந்து சேர்வது. அதைத்தான் ஜிட்டர் என்கிறோம். எக்ஸ்சேஞ்சும் ஃபோனும் கொஞ்ச நேரம் பாக்கெட்டுகளைத் தேக்கிவைத்துச் சீராக விடும். நல்ல தண்ணீர் நேரம் தவறி வந்தாலும் மாடியில் தொட்டி இருந்தால் குழாயில் சீராக வருவது மாதிரி. தேக்கம் பெரிதானால் வெட்டு குறையும், தாமதம் கூடும். திருப்பூர்ப் பக்கம் இந்த ஜிட்டர் பெரும்பாலும் கடலில் உருவாவதில்லை, உங்கள் அலுவலக ரவுட்டரில்தான் உருவாகிறது. டிசைன் செக்‌ஷனில் ஒருவர் சாம்பிள் படங்களையும் டெக் பேக்கையும் பையருடைய சர்வரில் ஏற்றுவார். அந்த ஐந்து நிமிடமும் ஹாம்பர்க்கில் உங்கள் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும், உங்களுக்கு அவர்கள் குரல் தெளிவாகக் கேட்கும். இந்த ஒருபக்க வெட்டுதான் அடையாளம். மருந்தும் எளிது. அப்லோடு வேகத்தை லைனின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக உங்கள் ரவுட்டரிலேயே கட்டிவிட்டு, குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். வெளியே இன்டர்நெட்டில் அந்த முன்னுரிமையை யாரும் மதிக்கப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நெரிசல் உங்கள் வாசலிலேயே இருக்கும்போது வாசலைச் சரிசெய்தால் பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

போட்ட முதல் மாதத்தில் வரும் புகார் இரண்டு. அவற்றை நீங்களே கண்டுபிடிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று எதிரொலி. ஹாம்பர்க்காரர் “என் குரலே எனக்குத் திரும்பிக் கேட்கிறது” என்பார். உடனே அவருடைய ஃபோனை மாற்றுவார்கள். கோளாறு அங்கே இல்லை. எதிரொலி கேட்பவருக்கு எதிர்ப்பக்கத்தில்தான், அதாவது திருப்பூரில், அது உருவாகிறது. இரண்டு கம்பி அனலாக் லைன் நான்கு கம்பிப் பாதையாக மாறும் இடத்தில் குரலில் கொஞ்சம் திரும்பிவிடும். இல்லையென்றால் ஸ்பீக்கர் ஃபோனின் ஒலி அதன் மைக்கிலேயே புகும். உள்ளூரில் பேசும்போதும் இதே எதிரொலி இருக்கிறது, தாமதம் இல்லாததால் காதுக்குத் தெரிவதில்லை. கால் நொடி கழித்து வரும்போது தாங்க முடியாது. ஆகவே கேட்வேயில் எக்கோ கேன்சலை இயக்கி, அனலாக் போர்ட்டின் இம்பீடன்ஸை (மின் எதிர்ப்பு அளவை) இந்திய அமைப்புக்கு மாற்றி, ஒலி அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். இரண்டாவது புகார், மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது. அழைப்பை ஏற்படுத்தும் சிப் (SIP) செய்தி ஒரு போர்ட்டிலும், குரல் வேறு போர்ட்டுகளிலும் போகும். நடுவில் முகவரியை மாற்றும் ரவுட்டர், குரல் எங்கே வர வேண்டும் என்பதைத் தப்பாகச் சொல்லிவிடும். பல ரவுட்டர்களில் உதவிக்கென்று வைத்திருக்கும் சிப் ஏஎல்ஜி என்ற வசதிதான் இதைக் கெடுக்கிறது. முதல் வேலையாக அதை அணையுங்கள். எக்ஸ்சேஞ்சுகள் டனல் வழியாக மட்டும் பேசினால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது. நம் ஊர் ஃபைபர் இணைப்பு பலவற்றில் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. ஒரு பக்கமாவது நிலையான முகவரி வாங்குங்கள். மற்ற பக்கம் வயர்கார்டில் 25 நொடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தால் டனல் உயிரோடு இருக்கும்.

எண் திட்டத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் தாளில் எழுதுங்கள். நாலு இடத்திலும் 201 என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கும், யாரும் தன் எண்ணை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விட வேண்டியதில்லை. 8 தட்டி, இரண்டு இலக்க ஊர் எண், அப்புறம் பழைய எக்ஸ்டென்ஷன் என்று வையுங்கள். நாட்டின் கோடையே ஊர் எண்ணாக்கலாம் என்று, ஜெர்மனிக்கு 49, இந்தியாவுக்கு 91 என்று சிலருக்குத் தோன்றும். அலுவலகமும் ஃபாக்டரியும் ஒரே நாட்டில் இருக்கும்போதே அது உடைந்துவிடும். 0, 1, 9 மூன்றையும் முதல் இலக்கமாகத் தொடாதீர்கள். வெளி லைனும் அவசர எண்களும் அங்கேதான் இருக்கின்றன.

சட்டத்துக்கு வருவோம். நான் இன்ஜினியர், வக்கீல் அல்ல, அதை மனதில் வைத்துப் படியுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இது: உங்கள் கம்பெனி ஊழியர் உங்கள் கம்பெனியின் இன்னொரு அலுவலக ஊழியரோடு ஐபி வழியாக, எக்ஸ்டென்ஷனுக்கு எக்ஸ்டென்ஷன் பேசுவதில் தடையில்லை. அதே அளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக வந்த குரலைத் திருப்பூரில் உங்கள் பிஆர்ஐ லைன் (எக்ஸ்சேஞ்சுக்கு வரும் டிஜிட்டல் வெளி லைன்) அல்லது சிம் வழியாக வெளி நம்பருக்கு இறக்குவது குற்றம். இங்கிருக்கும் வெளி லைனைக் கடல் தாண்டி அங்குள்ள வெளி லைனோடு சேர்ப்பதும் அப்படியே. டோல் பைபாஸ் என்பது இதுதான். சிம் பாக்ஸ் (பல சிம்களைச் செருகி அழைப்பை இறக்கும் பெட்டி) வைத்துப் பிடிபடுகிறவர்கள் மேல் வழக்கு வருவது இதற்குத்தான். ஆகவே திருப்பூர் எக்ஸ்சேஞ்சில் வெளி லைனும் கடல் ட்ரங்கும் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வையுங்கள், அதை எழுதியும் வையுங்கள். நடுவில் ஒரு மங்கலான இடம் உண்டு. ஜெர்மன் பையர் ஹாம்பர்க் நம்பருக்குக் கூப்பிடுகிறார், அங்குள்ளவர் திருப்பூர் மேஜைக்கு மாற்றிவிடுகிறார். 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தொலைத்தொடர்புத் துறை தளர்த்திய விதிகள் கால் சென்டர் போன்ற நிறுவனங்களை மனதில் வைத்தவை, சாதாரண ஏற்றுமதி அலுவலகத்துக்கு அதை அப்படியே பொருத்திப் படிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. உங்கள் லைன் கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மேஜை ஃபோன் முதலாளியின் செல்லுக்கு ஃபார்வர்டு ஆகியிருந்தால் மங்கலே இல்லை, அது பைபாஸ்தான். கடல் ட்ரங்கில் வரும் அழைப்புக்கு ஃபார்வர்டு வேலை செய்யக்கூடாது என்று எக்ஸ்சேஞ்சிலேயே பூட்டுங்கள். இன்னொன்று, திருப்பூரில் எல்லா அழைப்பையும் ரெக்கார்டு செய்கிற வழக்கம் இருந்தால் ஹாம்பர்க் ட்ரங்குக்கு அதை நிறுத்துங்கள். பேசுகிறவருக்குத் தெரியாமல் பதிவு செய்வது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 201-ஆவது பிரிவில் குற்றம்.

திருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிப் (SIP) செய்தி வரும் 5060 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்தால், தேடித் திரியும் நிரல்கள் சீக்கிரமே கதவைத் தட்டும். எக்ஸ்டென்ஷன் 201, பாஸ்வேர்டும் 201 என்று வைக்கும் அலுவலகங்கள் இன்றும் இருக்கின்றன. சனிக்கிழமை இரவு உள்ளே புகுந்து, அதிகக் கட்டணம் வசூலிக்கும் வெளிநாட்டு எண்களுக்கு ஞாயிறு முழுதும் ஓட்டுவார்கள். பில் உங்கள் பெயரில் வரும். டனலைத் தவிர வேறு வாசல் வேண்டாம். ஹாம்பர்க், நியூ ஜெர்சி வெளி லைன்களில் தேவையில்லாத நாடுகளைப் பூட்டி, செலவுக்கு ஒரு உச்ச வரம்பும் வைக்கச் சொல்லுங்கள்.

நேரக் கணக்கு சின்ன விஷயம்தான், ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். நியூ ஜெர்சியில் மாலை 4 மணிக்கு ஒருவர் தட்டினால் இங்கே குளிர்காலத்தில் விடிகாலை 2.30, கோடையில் 1.30. காலியான அலுவலகத்தில் மணி அடித்து வாட்ச்மேன் அண்ணன்தான் ஓடிவந்து எடுப்பார். அழைப்பு எந்த ஊரில் முடிகிறதோ அந்த ஊர் எக்ஸ்சேஞ்ச் நேரம் பார்த்து வாய்ஸ் மெயிலுக்கு அனுப்பட்டும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் கடிகாரத்தை மாற்றும் தேதிகள் வேறு வேறு. ஆகவே மணி வித்தியாசத்தைக் கையால் எழுதாமல், ஊர்ப் பெயரைக் கொண்ட நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 2008 ஜனவரி கடைசியில் அலெக்சாண்ட்ரியாவுக்கு அருகே அறுந்தபோது இந்தியாவின் இன்டர்நெட்டே தவித்தது. 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே எஸ்எம்டபிள்யூ4, ஐஎம்இடபிள்யூஇ என்ற கடலடிக் கேபிள்கள் இரண்டும் அறுந்தன. இப்படி ஆகும்போது பாதை கிழக்கே சிங்கப்பூர் வழியாகச் சுற்றும், ஹாம்பர்க் தாமதம் இரட்டிப்பானாலும் ஆச்சரியமில்லை. இரண்டு இணைப்பு வாங்குங்கள், ஆனால் இரண்டும் வெளிநாட்டுக்கு வேறு வேறு வழியில் போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேறு கம்பெனி பெயர் இருந்தால் மட்டும் போதாது, தெருவில் இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கினால் ஒரு லாரி போதும். டனல் விழுந்தால் எக்ஸ்சேஞ்ச் தானாகவே சாதாரண ஐஎஸ்டியில் போகும்படி வைக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். பில்லும் ஏறும், மேலே சொன்ன பிரிவினையும் குழம்பும். அன்றைக்கு ஊழியர் நேராக வெளி லைனில் கூப்பிடட்டும்.

உங்கள் லைனில் இதெல்லாம் எவ்வளவு நன்றாக ஓடும் என்பதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும். சாதனம் எதையும் வாங்கும் முன், திருப்பூர் அலுவலகத்திலிருந்து ஹாம்பர்க் ரவுட்டருக்கும் நியூ ஜெர்சி ரவுட்டருக்கும் ஒரு வாரம் விடாமல் பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓட்டிப் பதிவு செய்யுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். ஐரோப்பா அலுவலகம் திறந்து உங்களோடு பேசும் மதியம் 1 மணி முதல் மாலை 7 வரை எவ்வளவு ஏறி இறங்குகிறது, நூற்றுக்கு எத்தனை பாக்கெட் தொலைகிறது என்று பாருங்கள். ஒரு சதவீதத்துக்குக் கீழே தொலைந்து, ஏற்ற இறக்கம் 30 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பயமில்லாமல் இறங்கலாம். அப்புறம் ஊருக்கு ஒரு ஃபோன் மட்டும் வைத்து, மெர்ச்சண்டைசர் அம்மணியிடமும் ஹாம்பர்க்கில் அவரோடு பேசுகிறவரிடமும் கொடுத்து இரண்டு வாரம் பேசவிடுங்கள். அந்தப் பிங் பதிவையும், நாலு இடத்தின் ரவுட்டர் மாடலையும், ஃபாக்டரி இபிஏபிஎக்ஸில் எத்தனை அனலாக் போர்ட் காலியாக இருக்கிறது என்பதையும் இங்கே போட்டீர்களானால், கேட்வே எந்த அளவில் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.